இடப்பக்கம் உட்கார வேண்டாம்

பச்சை இலை எடைச் சீட்டின் பின்பக்கம்
முதல் கேள்வியை எழுதி, அடித்தும் ஆயிற்று:
இசைக்கு எப்படி வந்தீர்கள்.
எல்லோரும் கேட்டது. எல்லோருக்கும்
ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்:
மார்த்தாண்டம், மாதா கோயில், ஓட்டை ஆர்மோனியம்,
காற்று ஒழுகிய இடத்தில் ஒட்டிய
சைக்கிள் டியூப் துண்டு.
அந்த ரப்பரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கோத்தகிரியில் நான்கு மணிக்கே விளக்குப் போடும் மாதம்.
மத்தியானம் வாங்கிய வர்க்கி நமத்துவிட்டது.
நாளை பதினோரு மணிக்கு
கட்டபெட்டு தாண்டி, அருமைநாயகம் வீடு.
முப்பத்தெட்டுப் படங்கள். ஒன்பது வருடமாக ஒன்றுமில்லை.
‘ஏன் நிறுத்தினீர்கள்’ என்று எழுதினேன்,
வட்டிக்காரன் கேட்பது போலிருந்தது.
‘இந்த இடைவெளி’ என்று மாற்றினேன்,
டாக்டர் கேட்பது போலிருந்தது.

இருபது வேண்டும் என்கிறார் ஆசிரியர்.
அதில் ஒன்று சம்பள பாக்கி.
ஒன்று அந்தப் பாடகி, நாசூக்காக.
நாசூக்கை எப்படி எழுதுவது?
கேள்விக்குறிக்கு முன்னால் ஒரு இருமல் போட வேண்டும்.

என்னிடம் இருப்பது வேறு.
ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை
அரவேணுவில் ஏறுவேன்,
மேட்டுப்பாளையத்திலிருந்து மூச்சிரைத்து வரும் பஸ்.
டிரைவர் பெள்ளன் வைத்திருந்தது ஒரே கேசட்,
அதிலும் ஒரு பக்கம்தான் ஓடும்.
வெயிலில் கிடந்து நாடா இழுபட்டு
பாடுகிற பெண்ணுக்குப் பாதி மீசை முளைத்திருக்கும்.
வளைவில் கியர் மாற்றினால் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கும்,
மேடு ஏறியதும் பழைய இடத்துக்கு வராது.
ஏழு வருடம் எனக்கு அதுதான் பாட்டு.
கோயம்புத்தூர் ஹாஸ்டலில்
சரியான வேகத்தில் முதல்முறை கேட்டபோது
யாருக்கோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்தேன்.

இதை எப்படிக் கேள்வியாக்குவது?
ஐயா, உங்கள் பாட்டை நான் தப்பான சுருதியில்
மனப்பாடம் செய்திருக்கிறேன்.
இது கேள்வி இல்லை. வாக்குமூலம்.

அப்புறம் அந்த நாற்காலி.
இரண்டாவது இடையிசையில்
வயலின்கள் நின்று புல்லாங்குழல் தொடங்கும் முன்
ஒரு நாற்காலி கிறீச்சிடும்.
பெள்ளன் பஸ்ஸிலும் கிறீச்சிட்டது, ஹாஸ்டலிலும்.
சீட்டுக் கம்பி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எட்டரைக்குக் கரண்ட் போனது.
கூடவே போன் வந்தது, உதவியாளர் ஃப்ளோரன்ஸ்:
‘மேடம், சாருக்கு ஒரு காது சுத்தமா இல்லை,
இன்னொண்ணும் சுமார்தான்.
இடப்பக்கம் உக்கார வேண்டாம்.
கேள்வி சின்னதா இருக்கட்டும்.
வெளிய தெரிய வேண்டாம். ஹலோ, கேக்குதுங்களா?’
கேக்குது என்றேன்.

டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக அடித்தேன்,
சமீபத்தில் என்ன கேட்டீர்கள்,
சிறுவயதில் கேட்டது,
கேட்டதில் பிடித்தது.
பதினொன்று போயிற்று.
இரண்டு வேலையையும் ஒரே வினைச்சொல்லில்
போட்டுவைத்திருக்கிறது இந்த மொழி.
மற்ற நாட்களில் சிக்கனம் என்று தோன்றியிருக்கும்.
ஒன்பது வருடத்துக்கான பதில்
போனிலேயே வந்துவிட்டது,
அதை அச்சில் போட முடியாது.

வெளியே வேலிக்கல்லில்
காட்டெருமை முதுகு தேய்க்கிறது.
நாய் குரைக்கவில்லை, இருவருக்கும் பழக்கம்.
ஆசிரியருக்கு நாளை மறுநாள் ஏதாவது பொய் சொல்லலாம்,
மூடுபனி, பாட்டரி, நெட்வொர்க்.

இன்னொரு சீட்டை எடுத்து
பேனாவை அழுத்தி, கொட்டை எழுத்தில் எழுதுகிறேன்:
அந்த நாற்காலியிலிருந்து எழுந்தது யார்?
வலப்பக்கமும் எட்டவில்லை என்றால்
இதை அப்படியே நீட்டிவிடுவேன்.
அவர் திருப்பிப் பார்த்தால் பார்க்கட்டும்,
முன்பக்கத்தில் இருப்பது எங்கள் கணக்கு:
பதினெட்டு கிலோ,
ஈரத்துக்குக் கழித்தது இரண்டு.